பதில் வராத முறைப்பாடு: விமான சிமுலேட்டர் பாவனையாளருக்கு அறிகுறிவாரியான பிழைநீக்கம்

திருகோணமலை உவர்மலையில் கணினி திருத்தும் என்னுடைய அறைக்கு ஒரு தனி வகை நோயாளிகள் வருகிறார்கள். அவர்களுடைய கணினியில் எல்லாம் ஓடும். விமானம் ஓட்டுவதைத் திரையில் பாவனை செய்யும் விமான சிமுலேட்டர் மட்டும் ஓடாது. அதைவிட அவர்களைப் புண்படுத்துவது, அதைத் தயாரித்தவர்களுக்கு எழுதிய முறைப்பாடு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பதுதான். நானும் பல ஆண்டுகளாக இதே நோயில் கிடப்பவன் என்பதால், வந்த கோளாறுகளை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்தேன். புரட்டிப் பார்த்தால் ஏழெட்டு அறிகுறிகளே மாறி மாறி வருகின்றன. பெரும்பாலானவற்றில் முறைப்பாடு நியாயமானது. அது போய்ச் சேர்ந்த வாசல் தவறானது, அல்லது வெறுங்கையோடு போயிருக்கிறது.

கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலிலும் காசு கேட்கும் காரணம் கடைசியிலும் வரும். உங்கள் அறிகுறிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

## எழுதுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

எந்தக் கோளாறானாலும் நான்கு விடயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சிமுலேட்டரின் முழுப் பதிப்பு இலக்கம், கோளாறு நிகழ்ந்த திகதியும் நேரமும், அதற்குச் சற்று முன் நீங்கள் செய்த செயல், திரையில் தோன்றிய வாசகம் எழுத்துப் பிசகாமல். "ஆகப் புதியது" என்பது பதிப்பு இலக்கம் ஆகாது. நேரத்தோடு அது இலங்கை நேரம், கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சேர்வர் பதிவுகளில் தேடுபவருக்கு அந்த ஒரு வரி இல்லாவிட்டால் எங்கே தேடுவது என்றே தெரியாது.

எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரைப் பாவிப்பவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. அதன் பதிவுக் கோப்பு, நிரலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுகிறது. செயலிழந்த கோபத்தில் உடனே மீண்டும் திறந்தால், இருந்த ஒரே சாட்சியை நீங்களே அழித்துவிட்டீர்கள். முதலில் அந்தக் கோப்பைக் கொப்பி எடுத்து டெஸ்க்டொப்பில் வையுங்கள், பிறகு திறவுங்கள்.

## "உங்கள் மடல் கிடைத்தது" என்ற தானியங்கிப் பதிலுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை

முதற்காரணம் மிக எளியது: பதில் வந்திருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை. ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அதன் பின், சிமுலேட்டரை வாங்கிய கடைக் கணக்கு, விளையாட்டுக் கணக்கு, முறைப்பாடு எழுதிய மின்னஞ்சல் ஆகிய மூன்றும் ஒரே முகவரியா என்று பாருங்கள். மகனுடைய கணக்கில் வாங்கி, தந்தையின் முகவரியிலிருந்து முறைப்பாடு எழுதி, பதில் மகனுடைய பெட்டியில் மூன்று வாரம் உறங்கிய கதை என் கொப்பியில் இருக்கிறது.

அடுத்தது நேரம். மைக்ரோசொஃப்ட் இருக்கும் சியாட்டில் பக்கத்து அலுவலகம் ஒன்று குளிர்காலத்தில் நமக்கு 13 மணி 30 நிமிடம் பிந்தியிருக்கிறது; அங்கே திங்கள் காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போது இங்கே திங்கள் இரவு 10.30. அதன் சிமுலேட்டரை உருவாக்கும் அசோபோ ஸ்டூடியோ இருக்கும் பிரான்சின் போர்தோ நகரில் திங்கள் காலை 9 என்பது குளிர்காலத்தில் நமக்குப் பகல் 1.30. ஆகவே சனி காலை எழுதிவிட்டு ஞாயிறு மாலை "இரண்டு நாளாகியும் பதில் இல்லை" என்று குமுறுவதில் பயனில்லை; அவர்களுடைய கணக்கில் அது இன்னும் ஒரு வேலைநாள்கூட முடியாத முறைப்பாடு. நத்தார், புத்தாண்டு வாரங்களைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

மூன்றாவது காரணம் தவறான வாசல். காசு, வாங்கிய உரிமம், தரவிறக்க உரிமை ஆகியவை கடைக்குப் போக வேண்டியவை. திறக்கவில்லை, மூடிவிடுகிறது என்பவை உதவிப் பிரிவுக்குரியவை. ஒரு கருவி தவறாகக் காட்டுகிறது, ஒரு விளக்கு எரியவில்லை என்பவை பிழைப் பதிவேட்டுக்குரியவை. தனியாக வாங்கிய விமானத்தில் கோளாறு என்றால் அதைச் செய்தவரிடமே போக வேண்டும். இதில் பிழைப் பதிவேடு பலரை ஏமாற்றுகிறது: அந்தப் படிவம் உங்களுக்குப் பதில் எழுதுவதற்காக அமைக்கப்பட்டதே அல்ல, மேலதிக விவரம் தேவைப்பட்டாலொழிய அங்கிருந்து மடல் வராது. அங்கே மௌனம் என்பது மறுப்பு அல்ல.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பத்து வேலைநாட்கள் கடந்துவிட்டால், அதே டிக்கெட்டின் (உங்கள் முறைப்பாட்டுக்கு அவர்கள் இலக்கமிட்டுத் திறந்த பதிவின்) கீழ், புதிய தகவல் ஏதாவது ஒன்றைச் சேர்த்து ஒரே ஒரு மடல் எழுதுங்கள். புதிய டிக்கெட் திறக்காதீர்கள். ஒரே ஆளின் மூன்று டிக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டுவதிலேயே அங்குள்ளவரின் நேரம் போகும். அதற்கும் பதில் இல்லையெனில், உதவிப் பிரிவை மறந்துவிட்டுக் கோளாறை இங்கேயே தீர்க்க முடியுமா என்று கீழுள்ள பகுதிகளில் பாருங்கள்.

## கோளாறு அப்படியே இருக்க, "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள்

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "தம்பி, தீர்ந்துபோச்சு எண்டு எழுதியிருக்கிறாங்கள், எனக்கெண்டால் இண்டைக்கும் இடையில மூடிப்போட்டுது" என்றார்.

உதவிப் பிரிவின் அகராதியில் "சொல்வ்ட்" என்பதற்குக் கோளாறு நீங்கியது என்று பொருள் இல்லை. "எங்கள் முறை முடிந்தது" என்றே பொருள். அதற்கு முந்தைய நிலையான "பெண்டிங்" தான் ஆபத்தானது, ஏனெனில் அந்நிலையில் அவர்கள் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். நீங்கள் அவர்களுடைய பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள். குறித்த நாட்கள் கழிந்ததும் இயந்திரமே டிக்கெட்டைத் தீர்ந்ததாகக் குறித்துவிடும். ஆசிரியருக்கு நடந்ததும் அதுவே. கணினியின் விவரங்களைத் திரட்டிக் காட்டும் விண்டோஸ் கருவியான டி.எக்ஸ்.டயக்கின் கோப்பை அவர்கள் கேட்டிருந்தார்கள். அவர் அந்தச் சாளரத்தைத் திறந்து, போனால் திரையைப் படம் பிடித்து, மின்விசிறியின் நிழலோடு அனுப்பியிருந்தார். அதில் எழுத்து எதுவும் வாசிக்கக்கூடியதாக இல்லை.

செய்ய வேண்டியவை இவை. "சொல்வ்ட்" நிலையில் இருந்தால் அதே மடலுக்குப் பதில் எழுதினாலே பெரும்பாலும் டிக்கெட் மீண்டும் திறக்கும். "குளோஸ்ட்" ஆகிவிட்டால் திறக்காது. புதியது எழுதி, முதல் வரியிலேயே பழைய டிக்கெட்டின் இலக்கத்தைக் குறிப்பிடுங்கள். டி.எக்ஸ்.டயக் சாளரத்தின் அடியில், எல்லாத் தகவலையும் சேமிப்பதற்கென ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வரும் எழுத்துக் கோப்பையே இணைக்க வேண்டும்.

ஆசிரியருக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய மடலின் சாரம் இதுதான்: "பதிப்பு இலக்கம் இது. 14ஆம் திகதி இலங்கை நேரம் இரவு 8.40க்குத் திருகோணமலைச் சீனக்குடா விமான நிலையத்தின் 24ஆம் ஓடுபாதையில் நின்று, இயந்திரத்தை இயக்கியதும் நிரல் மூடியது. மேலதிகப் பொதிகள் எதுவும் இல்லை. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் நடந்தது. கட்டுநாயக்காவில் செய்தபோது நடக்கவில்லை. கோப்பு இணைப்பில்." கோபம் ஒரு சொல்லிலும் இல்லை; அவர் சேர்க்கச் சொன்ன இரண்டு வரிகளை நான் அழித்துவிட்டேன். நான்காம் நாள் மனிதர் ஒருவர் எழுதிய பதில் வந்தது. தங்கள் கணினியிலும் அதே கோளாறை உண்டாக்கிப் பார்த்துவிட்டதாக எழுதியிருந்தார். திருத்தம் வர மேலும் இரண்டு அப்டேட் ஆனது.

எந்த இடத்தில், எந்த வரிசையில் செய்தால் கோளாறு வரும், எங்கே செய்தால் வராது என்ற இரண்டும் இருக்கும் மடலைத் தட்டிக்கழிப்பது கடினம். இவை கிடைக்காத கோளாறுகளும் உண்டு. நினைத்தபோது வந்து நினைத்தபோது போகும் அவற்றுக்கு அடுத்த பகுதிதான் வழி.

## எதைக் கேட்டாலும் "கம்யூனிட்டி கோப்புறையை வெறுமையாக்குங்கள்" என்கிறார்கள்

இந்தப் பதில் எரிச்சலூட்டுவது உண்மை. ஆனால் திருத்துபவன் என்ற வகையில் நான் அவர்கள் பக்கம். கம்யூனிட்டி கோப்புறையில் நீங்கள் சேர்த்த விமானங்களும் விமான நிலையங்களும் அவர்கள் எழுதாதவை. ஒவ்வோர் அப்டேட்டுக்குப் பிறகும் முதலில் உடைபவையும் அவையே. அவர்கள் சொல்வதற்கு முன்பே நீங்கள் செய்துவிட்டு, செய்ததாக எழுதினால், ஒரு மடலும் ஒரு வாரமும் மிச்சம்.

கோப்புறையை அழிக்காதீர்கள். சிமுலேட்டரை மூடிவிட்டு, அதன் பெயரை மாற்றி, அதே இடத்தில் பழைய பெயரில் வெறும் கோப்புறை ஒன்றை உண்டாக்குங்கள். மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டர் செயலிழந்தபின் மீண்டும் திறக்கும்போது "சேஃப் மோட்" வேண்டுமா என்று கேட்டால், ஆம் என்பதும் இதே வேலையைச் செய்யும்.

### வெறுமையாக்கியதும் கோளாறு நின்றுவிட்டால்

குற்றவாளி, நீங்கள் சேர்த்த பொதிகளில் ஒன்று. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது நாளைத் தின்னும். பாதியைப் போடுங்கள், கோளாறு வந்தால் அந்தப் பாதியில் பாதி, வராவிட்டால் மற்றப் பாதியில் பாதி. 16 பொதிகள் இருந்தால் நான்கு சுற்றில் ஆளைப் பிடித்துவிடலாம். பிடித்தபின் முறைப்பாடு அந்தப் பொதியைச் செய்தவருக்கே. இலவசமாகத் தருபவர் என்றால் மரியாதையோடு எழுதுங்கள், அவர் தம் தூக்கத்தைக் கெடுத்துச் செய்து தந்தவர்.

### நிற்காவிட்டால்

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, "அப்ளிகேஷன்" பதிவில், நிரல் மூடிய அதே நிமிடத்துக்குரிய சிவப்புக் குறியைத் தேடுங்கள். அதில் "ஃபோல்டிங் மொடியூல்" என்ற வரியில் உள்ள பெயரைப் பாருங்கள். அது கிராபிக்ஸ் டிரைவரின் கோப்பு என்றால், டிரைவரை முழுமையாக நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். அது சிமுலேட்டரின் சொந்தக் கோப்பு என்றால் அந்த வரியை அப்படியே கொப்பி எடுத்து உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால், சந்தேகம் ரேமின் மேல்: கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை நிறுத்திவிட்டு, விண்டோஸின் நினைவகச் சோதனையை ஓர் இரவு ஓடவிடுங்கள்.

இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரோசசர் வைத்திருப்பவர்கள் இங்கே நிற்க வேண்டும். அவற்றில் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நிலைகுலைவு ஏற்படுவதை 2024இல் இன்டெல் நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயோஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டு, பெட்டியோடு வந்த பாதிப்புக்குரிய மாதிரிகளின் உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அந்தக் காலத்தில் எத்தனையோ விளையாட்டுகளின் உதவிப் பிரிவுகள் செய்யாத பிழைக்கு ஏச்சு வாங்கின. பயோஸை முதலில் புதுப்பியுங்கள். ஏற்கெனவே சேதமடைந்த சில்லை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது; அதை உத்தரவாதத்தில்தான் மாற்ற வேண்டும்.

### எந்தச் செய்தியும் இல்லாமல் கணினியே அணைந்து மீண்டும் எழும்பினால்

இது டிக்கெட் எழுத வேண்டிய கோளாறே அல்ல. வெப்பம், மின்வழங்கி, அல்லது பொருக்குப் பிடித்த தொடுமுனைகள். உள்துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலருகே கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் ஒன்றைக் காட்டுவதுண்டு: பெட்டியைத் திறந்து ரேம் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், பொன்னிறத் தொடுமுனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு பிடித்திருக்கும். உப்புக்காற்றின் கைவேலை. பென்சில் அழிறப்பரால் மெல்லத் துடைத்து, பஞ்சில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டு எடுத்துவிட்டால் சில சமயம் அதோடு முடிந்துவிடும். கருகல் மணம் வந்தாலோ, மின்வழங்கியிலிருந்து சத்தம் வந்தாலோ நீங்களே திறக்காதீர்கள். பெட்டியைத் தொழில்நுட்பவியலாளரிடம் கொண்டு போங்கள். மின்வழங்கியின் உள்ளே, செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

## தரவிறக்கம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. "உங்கள் இணையத்தைச் சரிபாருங்கள்" என்கிறார்கள்

முதலில் ஒரு தகவல். மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024 வெளியான 2024 நவம்பர் 19 அன்று, உலகெங்கும் ஏராளமானோருக்குத் திரை 97 சதவீதத்தில் உறைந்து நின்றது. யாருடைய ரவுட்டரும் காரணமில்லை, சேர்வர்கள் திணறின. அதன் தலைவர் ஜோர்க் நியூமனும், அதை உருவாக்கும் அசோபோ ஸ்டூடியோவின் செபாஸ்டியன் வ்லொக்கும் வீடியோவில் தோன்றி அதைச் சொன்னார்கள். ஆகவே பிழை அங்கேயும் இருக்கலாம். இங்கே இல்லை என்பதை நிரூபிப்பது மட்டும் உங்கள் வேலை, அதற்குப் பத்து நிமிடம் போதும்.

போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, கணினியை அதில் இணைத்து, சிமுலேட்டரைத் திறவுங்கள். போனின் சிம் வீட்டு இணைப்பிலிருந்து வேறான நிறுவனத்தினுடையதாக இருப்பது நல்லது. தரவிறக்கம் நகர்ந்தால் கோளாறு உங்கள் வீட்டு இணைப்பில். இரண்டிலும் அதே இடத்தில் நின்றால் கோளாறு அவர்களிடம் அல்லது உங்கள் கணினியில். இந்த ஒரு சோதனையை எழுதி அனுப்பினால், "இணையத்தைச் சரிபாருங்கள்" என்ற பதிலை இரண்டாவது முறை எழுத அவர்களுக்கு வழி இருக்காது.

### வீட்டு இணைப்பில் என்றால்

இணையப் பொதியின் தரவுக் கோட்டாவைப் பாருங்கள். பகல் கோட்டா முடிந்ததும் வேகம் சுருங்கி, தரவிறக்கம் நின்றதுபோல் தோன்றும். 2020ஆம் ஆண்டுப் பதிப்பு 150 ஜி.பி. இடம் கேட்டது, 2024ஆம் ஆண்டுப் பதிப்பு வட்டில் 50 ஜி.பி. மட்டும் கேட்டுவிட்டு, மிகுதியைப் பறக்கும்போதே இழுக்கிறது. அதற்குக் குறைந்தது 10 எம்.பி.பி.எஸ்., பரிந்துரைக்கும் வேகம் 50 எம்.பி.பி.எஸ். 10 எம்.பி.பி.எஸ். இடைவிடாமல் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜி.பி. போகும். மாலையில் இரண்டு மணி நேரம் பறப்பவர் மாத முடிவில் கோட்டாவைத் தேடுவது இதனால்தான். இரவுக்கெனத் தனிக் கோட்டா உள்ள இணையப் பொதியென்றால், நிறுவுவதையும் அப்டேட்டுகளையும் அந்த மணிகளுக்குத் தள்ளிவையுங்கள். ரவுட்டரை மறுதொடக்கம் செய்து, டி.என்.எஸ். மாற்றி, கம்பியில் இணைத்தும் வேகம் வராவிட்டால் இணைய நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டியதுதான்.

### கணினியில் என்றால்

வட்டில் இடம், வைரஸ் தடுப்பு மென்பொருளின் தடை, இடையில் மின் போனதால் பழுதடைந்த ஒரு கோப்பு என்ற வரிசையில் பாருங்கள். 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் என்னிடம் வந்தவற்றில் மூன்றாவது காரணம்தான் அதிகம். தரவிறக்கம் நின்ற கோப்பின் பெயர் திரையில் தெரிந்தால், அந்தப் பொதியை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள், முழுவதையும் அழிக்காதீர்கள். பறந்த இடங்களின் தரவைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் ரோலிங் கேஷைத் துடைப்பதும் செலவில்லாத வைத்தியம்.

## அப்டேட்டுக்குப் பிறகு விமானம் தானாக ஒரு பக்கம் சாய்கிறது

இந்தக் கோளாறுக்கு எழுதப்படும் முறைப்பாடுகளில் கணிசமானவை அநியாயமானவை. விண்டோஸின் தேடலில் கேம் கொன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, சிமுலேட்டர் மூடியிருக்கும்போதே ஜொய்ஸ்டிக்கைக் கையிலிருந்து விட்டுப் பாருங்கள். அங்கேயுள்ள குறி துடித்தால் நிரலுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை; ஜொய்ஸ்டிக்கின் உள்ளேயிருக்கும் தடைமாற்றி தேய்ந்திருக்கிறது, அல்லது உப்பும் தூசியும் பிடித்திருக்கிறது. கொன்டாக்ட் கிளீனரை அதில் அடித்து, தண்டை ஐம்பது தடவை நான்கு பக்கமும் சுற்றினால் சில மாதங்களுக்குத் தாங்கும். மீண்டும் மீண்டும் வந்தால், காந்த உணரி கொண்ட ஜொய்ஸ்டிக் ஒன்றுக்குக் காசு சேர்ப்பதே மேல். அந்த உணரியில் உராயும் பகுதி இல்லை.

குறி ஆடாமல் நடுவில் நின்றால் மட்டுமே சிமுலேட்டரைத் திறவுங்கள். புதிய அப்டேட் இயல்பு அமைப்பை மீண்டும் கொண்டுவந்து, ஒரே அச்சை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்திருக்கும்; ஜொய்ஸ்டிக்கும் எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரும் ஒருங்கே செருகியிருப்பவர்களுக்கு இது வழமை. பாவிக்காததைக் கழற்றுங்கள். அதன் பிறகும் சாய்ந்தால், காற்றையும் எரிபொருள் சமநிலையையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

## நம் ஊர் பிழையாக இருக்கிறது, முறையிட்டும் திருத்தவில்லை

சுவாமி மலையின் செங்குத்துப் பாறை உருகிய மெழுகுபோல் கடலுக்குள் சரிந்திருக்கும். கோணேசர் கோயில் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் ஓட்டுக் கூரை வீடு நிற்கும். கொட்டியாரக் குடாவில், மகாவலி வந்து சேரும் இடத்தில், செய்மதிப் படத்தில் பதிந்த கலங்கல் அப்படியே நீரின் மேல் ஒட்டியிருக்கும். பார்க்க மனம் கசப்பது எனக்குத் தெரியும். ஆனால் இதற்கு உதவிப் பிரிவுக்கு எழுதுவது தபாற்காரரிடம் கடிதத்தின் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்வதற்கு ஒப்பானது.

நிலத்தின் படம் வரைபட நிறுவனத்திடமிருந்தும், கட்டிடங்கள் அந்தப் படத்தைப் பார்த்து இயந்திரம் ஊகித்ததிலிருந்தும், உயரத் தரவு வேறோர் இடத்திலிருந்தும் வருகின்றன. பெருநகரங்கள் சிலவற்றைத் தவிர மற்ற ஊர்களைக் கையால் செதுக்க அவர்கள் வரப்போவதில்லை. வான்வழித் தரவு மட்டும் விதிவிலக்கு: அது உலகெங்கும் 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் சுற்றில் வருவது, எனவே வழிகாட்டிப் புள்ளி பிழையென்றால் முதலில் உங்களிடம் உள்ளது எந்தச் சுற்று என்று பாருங்கள்.

எக்ஸ்-பிளேன் பாவிப்பவர்களுக்குக் கையில் மருந்து இருக்கிறது. அதன் விமான நிலையங்கள் பாவனையாளர்கள் வரைந்து அனுப்பும் பொதுக் களஞ்சியத்திலிருந்து வருகின்றன. வரைவதற்கான வேர்ல்ட் எடிட்டர் என்ற கருவி இலவசம். சீனக்குடாவை நன்கு அறிந்தவர் உட்கார்ந்து வரைந்து அனுப்பினால், ஏற்றுக்கொள்ளப்பட்டபின் அது எல்லோருக்கும் போய்ச் சேரும். முழுவதும் இலவசமான ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டரும் திறந்த மூலநிரல். அதில் முறைப்பாட்டையும் திருத்தத்தையும் ஒரே ஆளே எழுதலாம். விமானப் படைத் தளமும் சீனக்குடாவிலேயே இருப்பதால், வெளியே பொதுவில் கிடைக்கும் படங்களில் உள்ளதற்கு மேல் எதையும் வரைய வேண்டாம்.

கச்சான் வீசும் மாதங்களில் ஜன்னல் அடித்துக்கொள்ள, திரையில் இலை அசையாது என்றும் ஒருவர் முறையிட்டார். நேரலை வானிலை அணைந்திருந்தது.

## காசைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்

இதில் உதவிப் பிரிவு அல்ல, கடையின் விதியே பேசும். விளையாட்டுகள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள்ளும், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியிருந்தும் கேட்டால் காசு திரும்பக் கிடைக்கும். கண்ணி எங்கே என்றால், சிமுலேட்டர் தன்னைத் திறந்து வைத்துக்கொண்டே மிகுதித் தரவிறக்கத்தைச் செய்யும்போது, அந்த நேரத்தையும் ஸ்டீம் ஓடிய நேரமாக எண்ணுகிறது. நம் இணைய வேகத்தில் ஒரு தடவைகூடப் பறக்காமலே இரண்டு மணி நேரம் தீர்ந்துவிடும். அப்படியானால் கோரிக்கையில் அதை விளக்கி, தரவிறக்கத் திரையின் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதிக்கு வெளியேயும் கோரிக்கையைப் பார்ப்பதாகவே ஸ்டீம் சொல்கிறது. மேலதிகமாக வாங்கிய பொதிகளுக்கும் 14 நாள் உண்டு; அதை வாங்கிய பின் அடிப்படை விளையாட்டு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியிருக்க வேண்டும்.

வங்கியைக் கொண்டு அட்டைக் கொடுப்பனவை மறுப்பது கடைசி ஆயுதம். அதை எடுத்தால் கடை உங்கள் கணக்கையே முடக்கக்கூடும். அதிலுள்ள மற்ற விளையாட்டுகளும் கூடப் போகும். ஒரு கணக்கில் ஒரே ஒரு பொருள் இருப்பவர் தவிர வேறு யாருக்கும் இதை நான் சொல்வதில்லை.

ஜொய்ஸ்டிக்கோ கணினியோ இங்கேயுள்ள கடையில் வாங்கி, உத்தரவாதத்தை மறுத்தால் நிலைமை வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். அவசர இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இல்லாமல் போகாதீர்கள்.

## பதில் எழுதவே ஆள் இல்லை

மைக்ரோசொஃப்டின் பழைய ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் 2006 ஒக்டோபரில் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஏசஸ் ஸ்டூடியோ 2009 ஜனவரியில் மூடப்பட்டது. 2012 பெப்ரவரியில் வந்த மைக்ரோசொஃப்ட் ஃபிளைட்டின் உருவாக்கம் அதே ஆண்டு ஜூலையில் நின்றது. இப்படிக் கைவிடப்பட்டவற்றுக்கு டிக்கெட் எழுதுவதில் அர்த்தமில்லை. முதலில், பெயரைத் தேடி, பிறகு வந்த வேறு பதிப்பு விற்பனையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸுக்கு 2014 டிசம்பரில் ஸ்டீம் பதிப்பு வந்தது. இல்லையெனில் மற்றப் பாவனையாளர்கள் கண்ட வைத்தியத்தைத் தேடுங்கள். விண்டோஸ் 7இல் மெனுவை அடிக்கடி திறந்தால் அது மூடிவிடும் கோளாறுக்கு, யூ.ஐ. ஒட்டோமேஷன் கோர் என்ற கோப்பின் பழைய பிரதியை நிரலின் கோப்புறையில் வைத்தால் போதும் என்று கண்டறிந்தவர்கள் பாவனையாளர்களே. அத்தகைய கோப்பை எங்கிருந்து எடுத்தாலும் வைரஸ் சோதனை செய்யாமல் உள்ளே வைக்காதீர்கள்.

கிண்ணியாவிலிருந்து வரும் நானா ஒருவர் இன்றும் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸைத்தான் ஓட்டுகிறார். இணையம் இணைக்காத பழைய கணினி, எந்த அப்டேட்டும் இல்லை, எனவே எந்த அப்டேட்டும் எதையும் கெடுப்பதில்லை. சென்ற முறை வந்தபோது அவருடைய இரண்டு டி.வி.டி.களையும் வன்தட்டில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த உரிம இலக்கத்தின் கடைசி ஐந்து எழுத்துகள் கைவியர்வையில் மங்கிப்போயிருந்தன. பூதக்கண்ணாடியை வைத்து, எட்டா பீயா என்று அரைமணி நேரம் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்டோம்.